மார்ஷ்கோட்டின் எல்லைக் கற்கள்

நாச்சம்மா அந்தக் காகிதத்தை நான்காக மடித்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். முடிச்சை அவிழ்த்தபோது கொஞ்சம் கல்தூள் உதிர்ந்தது. அவள் கைபட்ட எதிலும் கல்தூள் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா காப்பி குடித்து முடித்து, பையன்களின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். நாச்சம்மா எங்கள் வீட்டு வாசற்படிக்குக் கீழே நின்றாள். அதற்கு மேல் அவளை வரச் சொல்லும் வழக்கம் அன்றைய அக்ரஹாரத்தில் இல்லை. எங்கள் வீடும் விலக்கு இல்லை.

அவள் கல்லுக்கேரியைச் சேர்ந்தவள். எங்கள் தெருவுக்குத் தெற்கே, பள்ளிக்கூடத்தை ஒட்டிக் கிடந்த மேட்டு நிலத்தில் பதினெட்டுக் குடிசைகள் உண்டு. கொள்ளேகால் பக்கத்திலிருந்து கல்வேலைக்கு வந்த குடும்பங்கள். மைசூரில் பாதிக் கட்டடங்களுக்குக் கல் அடித்துக் கொடுத்தவர்கள். தாங்கள் இருந்தது மண்சுவரிலும் தென்னங்கீற்றிலும்.

அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கன்னடத்தில் இருந்த நோட்டீஸை முதலில் மனதுக்குள் படித்தார். பிறகு அவளுக்காகத் தமிழில் சொன்னார். பதினைந்து நாளைக்குள் காலி செய்ய வேண்டும். ஆட்சேபணை இருந்தால் அதற்குள் எழுத்து மூலம் தர வேண்டும். காரணம் இது: அந்த நிலம் பழங்காலம் தொட்டு ஊர்ப் பொதுவெளி. அதில் கூரை எழுப்பும் வழக்கம் எக்காலத்திலும் இருந்ததில்லை. இது அச்சிட்ட ஊர் வரலாற்று நூலால் தெரிய வருகிறது. பொதுவெளியின் எல்லைக் கற்களும் இன்றுவரை காணக் கிடைக்கின்றன.

கடைசி வாக்கியத்தை அப்பா முடிக்கவில்லை.

"அந்தக் கல்ல நாங்கதானுங்களே சாமி அடிச்சுக் குடுத்தோம்," என்றாள் நாச்சம்மா.

குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. ஆபீஸ்காரர்கள் ஏதோ கவனப் பிசகாக எழுதிவிட்டார்கள், வாத்தியார் சாமி ஒரு வார்த்தை சொன்னால் திருத்திக்கொள்வார்கள் என்று நம்பிய குரல்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். அந்த நோட்டீஸை அனுப்புதல் புத்தகத்தில் பதிந்து, உறையில் போட்டு, ஒட்டி அனுப்பியவன் நான்.

அட்டை இல்லாத புத்தகம்

இது விளங்க வேண்டுமானால் இங்கிலாந்துக்குப் போய் வர வேண்டும். அப்பா போனதில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அப்பால் அவர் போன தூரமே மேல்கோட்டைதான். ஆனால் மார்ஷ்கோட் என்ற ஊரின் ஒவ்வொரு சந்தும் அவருக்குத் தெரியும்.

அப்பா நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலமும் சரித்திரமும் சொல்லிக் கொடுத்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார ஆசிரியர் தன் புத்தகங்களை அங்கேயே விட்டுவிட்டுப் போனாராம். அதில் ஒன்று அப்பாவிடம் வந்தது. அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. எழுதியவர் யார், என்ன தலைப்பு என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. யாரோ ஒரு துரை, தான் சிறுவனாக வளர்ந்த கிராமத்தைப் பற்றியும் அதன் பழைய சரித்திரத்தைப் பற்றியும் எழுதியது.

அப்பா அந்தப் புத்தகத்தை இருபது வருஷம் பாடம் நடத்தினார். கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு மார்ஷ்கோட்டை வரைவார். மேற்கே மாதா கோயில், ஓடைக்கரையில் மாவு அரைக்கும் ஆலை, நடுவில் புல்வெளி, புல்வெளி ஓரத்தில் கொல்லன் பட்டறை. செவ்வாய்க்கிழமை சந்தை. முட்டையைக் கையால் தொட்டறியாத மனிதர், ஞாயிற்றுக்கிழமை மார்ஷ்கோட் ஜனங்கள் ரொட்டிக்காரன் அடுப்பில் வாத்தை எப்படிச் சுட்டு வாங்குவார்கள் என்பதை நாற்பது ஐயங்கார்ப் பிள்ளைகளுக்கு விளக்குவார். பிள்ளைகள் மனப்பாடம் செய்து மார்க்கு வாங்குவார்கள். நானும் வாங்கினேன்.

அந்த வகுப்பறையின் தெற்கு ஜன்னலைத் திறந்தால் கல்லுக்கேரி தெரியும். காலையிலிருந்து உளிச் சத்தம். மார்ஷ்கோட் பாடம் தொடங்கும்போது அப்பா முதலில் செய்யும் காரியம் அந்த ஜன்னலைச் சாத்துவது.

பத்து நாளில் ஒரு சரித்திரம்

சுதந்திரம் வந்தது. துரைமார் போனார்கள், சுற்றறிக்கைகள் இருந்தன. குடியரசு ஆகி ஒன்றிரண்டு வருஷம் இருக்கும், பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. அன்னிய ஊர்களின் கதையை நம் பிள்ளைகள் படித்தது போதும். ஒவ்வொரு பள்ளியும் தன்னைச் சுற்றியுள்ள தெரு, குளம், சந்தை, மைதானம் இவற்றின் வரலாற்றைத் திரட்டி எழுதி, அதையே பாடமாக நடத்த வேண்டும். மன்னர்களைப் பற்றி எழுத வேண்டாம், அது வேறு புத்தகங்களில் இருக்கிறது.

நல்ல யோசனை. யோசித்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுற்றறிக்கைக்கு ஒரு குணம் உண்டு. எப்படிச் செய்வது என்று சொல்லாது. எப்போதைக்குள் என்று மட்டும் சொல்லும். பத்து நாள் கெடு. பதினோராம் நாள் ஆய்வாளர் வருவார். தலைமையாசிரியர் இடம் அப்போது காலியாக இருந்தது. அடுத்த மூப்பு அப்பாவுக்கு.

அப்பா வெள்ளைக் காகிதத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். தான் பிறந்த தெருவைப் பற்றி அவருக்கு எழுத ஒரு வரி இல்லை. குளத்தை வெட்டியது யார், தெரியாது. மேட்டு நிலத்துக்குக் கல்வேலைக்காரர்கள் எப்போது வந்தார்கள், தெரியாது. நூறு அடி நடந்து போய்க் கேட்டிருக்கலாம். உளி பிடித்தவனிடம் போய் வாத்தியார் சரித்திரம் கேட்பது என்பது அவர் நினைப்புக்கே வரவில்லை. எனக்கும் வரவில்லை, நான் அப்போது இன்டர்மீடியட் முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

நான்காம் நாள் அப்பா மளமளவென்று எழுதத் தொடங்கினார். நான் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். மார்ஷ்கோட் வந்துகொண்டிருந்தது.

மாதா கோயில் பெருமாள் கோயிலாகியிருந்தது. மாவு ஆலை செக்காகியிருந்தது. வாத்துகள் ஆடுகளாகியிருந்தன. சந்தை மட்டும் செவ்வாய்க்கிழமையாகவே இருந்தது. அதை மாற்ற அவர் மறந்துவிட்டார். மார்ஷ்கோட்டின் நடுப் புல்வெளி யாருக்கும் சொந்தமில்லாதது, எல்லோருக்கும் பொதுவானது, அதில் கூரை போடக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். அந்தப் புல்வெளி கடல் தாண்டி வந்து கல்லுக்கேரி மேட்டில் இறங்கியது. வருஷத்துக்கு ஒருநாள் பாதிரியாரும் பிள்ளைகளும் ஊர் எல்லையைச் சுற்றி வந்து, எல்லைக் கற்களைக் கழியால் அடிப்பார்கள் என்று அந்தத் துரை எழுதியிருந்தார். அப்பா பாதிரியாரை எடுத்துவிட்டு ஆடி மாதத்தையும் வேப்பங்குச்சியையும் சேர்த்தார்.

எனக்குச் சிரிப்பாக இருந்தது. வீட்டுக்குள் நடக்கும் ஒரு வேடிக்கை என்றுதான் நினைத்தேன்.

மோரும் சாணமும்

ஆய்வாளருக்குப் பாடம் பிடித்துப்போயிற்று. எல்லைக் கல்லை அடிக்கும் வழக்கத்தைக் கேட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். இப்படி ஒன்று நம் சீமையில் உண்டு என்று தெரியாமல் போயிற்றே என்று கன்னடத்தில் வருத்தப்பட்டாராம். அடுத்த மாதம் வரும்போது அந்தக் கற்களைக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காட்ட வேண்டுமானால் கற்கள் வேண்டும். அப்பா முதல் தடவையாகக் கல்லுக்கேரிக்கு நடந்து போனார். நாச்சம்மாவின் புருஷன் காளியப்பனிடம், முழங்கால் உயரத்தில் நான்கு கல் அடித்து மேட்டின் நான்கு மூலையிலும் நட்டுத்தரச் சொன்னார். பிள்ளைகள் பாடத்துக்கு என்றார். காளியப்பன் கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டான். எல்லைக்குள் இருப்பது நாங்கள்தானே, எங்களுக்கு எல்லைக் கல் எதற்கு என்று கேட்டுச் சிரித்தானாம். புதுக்கல் வெள்ளையாகப் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து அப்பா முகம் சுருங்கியபோது, அதற்கும் வழி சொன்னவன் அவன்தான். மோரில் சாணத்தைக் கரைத்து நாலு நாள் ஊற்றி நிழல் காட்டினால் பாசி பிடித்துவிடும், நூறு வருஷக் கல் மாதிரி ஆகிவிடும்.

அப்படியே ஆயிற்று. ஆய்வாளர் பாசியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையைக் கூப்பினார்.

அந்த ஆடியிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகப் போய்க் கற்களை வேப்பங்குச்சியால் அடித்தார்கள். நாய்கள் பிள்ளைகளைக் கடித்துவிடாமல் நாச்சம்மா அவற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வாத்தியார்மார் கல்லை எதற்கு அடிக்கிறார்கள் என்று கல்லுக்கேரியில் யாருக்கும் புரியவில்லை. படித்தவர்கள் காரியம் என்று விட்டுவிட்டார்கள்.

அப்பாவின் பாடம் வட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் ஒரு சின்னப் புத்தகமாக அச்சாயிற்று. அட்டையில் அப்பாவின் பெயர். தலைமையாசிரியர் பொறுப்பும் வந்தது. நிரந்தர உத்தரவுதான் பாக்கி.

என் பங்கு

போன வாரம் இந்தப் பத்தியில் கோப்பு கட்டும் நாடாவைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் அலுவலகத்தில் நல்லவர் ஒருவர்கூட இல்லையா?" என்று நஞ்சன்கூட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இருந்திருப்பார்கள். இந்த வாரம் அவர்களைப் பற்றி அல்ல.

எனக்கு நகரத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்திருந்தது. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். ஓய்வூதியம் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது. உள்ளே வரும் தபாலைப் பதிவேட்டில் ஏற்றி எண் போடுவதும், வெளியே போகும் தபாலைப் பதிந்து அனுப்புவதும் என் வேலை. தகுதிகாண் பருவம் முடிய ஐந்து மாதம் இருந்தது.

மேட்டு நிலத்தில் பூங்கா அமைக்கலாம் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியது. அளவைப் பதிவேட்டில் அந்த நிலத்துக்கு நேரே எதுவும் எழுதப்படவில்லை. குடியிருப்பவர்களிடமும் பட்டா இல்லை. இரண்டு பக்கமும் காகிதம் இல்லாதபோது, முதலில் ஒரு காகிதத்தை நீட்டுகிறவன் ஜெயிப்பான். தலைமை எழுத்தர் எங்கள் எல்லோரையும் பார்த்து, அந்த நிலத்தைப் பற்றி அச்சில் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன்.

மறுநாள் அப்பாவின் புத்தகத்தை எடுத்துப்போனேன். பொதுவெளி என்று வரும் பக்கத்தில் காகிதத் துண்டு வைத்துக் கொடுத்தேன். தலைமை எழுத்தர் என்னை "ஜாணா" என்றார். கன்னடத்தில் கெட்டிக்காரன் என்று பொருள். அது மார்ஷ்கோட் என்று எனக்குத் தெரியுமா? தெரியும். அட்டையில் இருந்த அப்பாவின் பெயரும், அந்த "ஜாணா"வும் தவிர வேறு எதுவும் அன்றைக்கு என் தலையில் இல்லை. பதினெட்டு அடுப்புகள் நினைவுக்கு வரவே இல்லை.

ஒரு பொய் அச்சேறினால் அது மேற்கோள். மேற்கோள் கோப்பில் ஏறினால் ஆதாரம். ஆதாரத்தைக் காட்டி நோட்டீஸ் போனால் அது உண்மை. போய்ப் பார்த்த அதிகாரி பாசி பிடித்த நான்கு கற்களையும் பார்த்தார். வருஷந்தோறும் பிள்ளைகள் சுற்றி வருவதையும் விசாரித்து எழுதிக்கொண்டார். இடைவிடாத வழக்கம் என்று அதற்குப் பெயர்.

நாச்சம்மா சொன்னது

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். அப்பா கட்டுரை நோட்டுகளை ஒதுக்கிவைத்தார். ஒரு புதுக் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். நாச்சம்மா பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். அவர் உட்காரச் சொன்னார். அவள் தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க இங்க எப்படி வந்தேள், சொல்லு," என்றார். அந்தக் கேள்வியை அவர் மூன்று வருஷம் முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

அவள் சொன்னாள். மாமனார் மாதேஸ்வரன் மலைக்கு இந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர். மழை பொய்த்த ஒரு வருஷம், அரண்மனைக் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஏழு குடும்பம் மாட்டுவண்டி கட்டி வந்தது. வேலை பார்த்த மேஸ்திரி கைத்தடியால் இந்த மேட்டைக் காட்டி, உங்களுக்கு இடம் இதுதான், உங்கள் பிள்ளைகளுக்கும் இதுதான் என்றார். காகிதம் யாரும் தரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அக்ரஹாரத்துக் குளத்தின் படிக்கட்டு அவர்கள் அடித்தது. பள்ளிக்கூடத்து அஸ்திவாரக் கல் அவர்கள் அடித்தது. காலராவில் இறந்த அவள் மாமியாரை மேட்டின் வடகிழக்கில் புதைத்திருந்தது. அங்கே ஒரு புங்க மரம்.

அப்பா நான்கு பக்கம் எழுதினார். முதல் பக்கத்தில், அச்சிட்ட நூலில் உள்ளது இங்கிலாந்தில் ஒரு கிராமத்தின் கதை என்றும், கற்கள் தன் சொற்படி அண்மையில் நடப்பட்டவை என்றும், பொறுப்பு தன்னுடையது என்றும். மற்ற மூன்று பக்கங்களில் நாச்சம்மா சொன்னது. எங்கள் தெருவைப் பற்றி அப்பா எழுதிய ஊர் வரலாறு அந்த மூன்று பக்கம்தான்.

உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார். "நாளைக்கு எடுத்துண்டு போய்ப் பதிஞ்சுட்டு, நம்பரைக் கொண்டுவா."

இது உள்ளே போனால் அவர்மேல் துறை விசாரணை வரும், தலைமையாசிரியர் உத்தரவு வராது என்று சொன்னேன்.

"வரவேண்டாம்," என்றார். பிறகு, "நானே நேர்ல வந்து சொல்லட்டுமாடா?"

"எழுத்து மூலமாத்தான் எடுத்துப்பா. நேர்ல வந்தா காரியம் கெட்டுடும்," என்றேன். நடைமுறை தெரிந்தவன் சொன்னால் அப்பா எதிர்த்துப் பேச மாட்டார்.

நன்றாகப் பாருங்கள்

உறையை என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அந்தக் கடிதம் பதிவானால், புத்தகத்தைக் கொண்டுவந்தது யார் என்பதுதான் அடுத்த கேள்வி. அப்பாவைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டது சாயங்காலம் வீடு போய்ச் சேரும்வரைகூடத் தாங்கவில்லை.

அன்று அப்பா நம்பரைக் கேட்டார். ஏதோ ஒரு எண்ணைச் சொன்னேன். தன்னிடமிருந்த நகலின் மூலையில் அவர் அதைக் குறித்துக்கொண்டார். அந்த எண்ணில் உண்மையில் பதிவாகியிருந்தது, அலுவலகத்துக்குப் புதுத் தண்ணீர்ப் பானை கேட்டுச் சேவகர் கொடுத்த விண்ணப்பம்.

பதினான்காம் நாள் நாச்சம்மா அலுவலகத்துக்கு வந்தாள். வாத்தியார் சாமி எழுதிக் கொடுத்திருக்கிறார், அதைப் பார்க்காமல் எங்களைக் கிளப்பக் கூடாது என்று அதிகாரியிடம் சொன்னாள். அதிகாரி முறை தவறாதவர். உள்வரவுப் பதிவேட்டுடன் என்னைக் கூப்பிட்டார்.

பதிவேட்டை மேஜைமேல் விரித்து, பக்கங்களைப் புரட்டினேன். அப்படி எதுவும் வரவில்லை என்றேன்.

நாச்சம்மா என்னைப் பார்த்தாள். நான் யார் வீட்டுப் பிள்ளை என்று அவளுக்குத் தெரியும். கோவணம் கட்டிய வயதிலிருந்து தெரியும்.

"நல்லாப் பாருங்க தம்பி," என்றாள்.

மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, உதடு அசைய, முழுப் பதினான்கு நாளையும் பார்த்தேன். அதிகாரி பொறுமையாகக் காத்திருந்தார்.

"இல்லை," என்றேன்.

இவர் அந்த வாத்தியாரின் மகன் என்று அவள் அதிகாரியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள். ஏன் சொல்லவில்லை என்று ஐம்பது வருஷமாக யோசிக்கிறேன். எனக்காக என்று நினைக்க ஆசைதான். என்னைப் பற்றிச் சொல்ல அவளுக்கு ஒன்றும் மிச்சமில்லை என்பதுதான் சரியாக இருக்கும்.

பதினாறாம் நாள் கடப்பாரையோடு ஆட்கள் போனார்கள். மண்சுவர்கள் மத்தியானத்துக்குள் முடிந்தன. சில குடும்பங்கள் கொள்ளேகால் பஸ் ஏறின. சில ஹெப்பாள் பக்கம் அன்றைக்கிருந்த வெறும் காட்டில் போய் ஒண்டின. நாச்சம்மா எந்தப் பக்கம் போனாள் என்று நான் விசாரிக்கவில்லை. அவள் எங்கள் தெருவுக்கு மறுபடி வரவில்லை.

நினைவூட்டு

அப்பாவின் நிரந்தர உத்தரவு வந்தது. என்னுடையதும் வந்தது. அப்பா ஆடி மாத ஊர்வலத்தை நிறுத்தினார். மார்ஷ்கோட் புத்தகம் பிறகு எங்கே போயிற்று என்று தெரியாது.

அடுத்த மாதம் முதல் தேதி, அலுவலகத் தபாலில் ஒரு நினைவூட்டுக் கடிதம் வந்தது. அப்பாவின் கையெழுத்து. மேற்படி எண்ணில் பதிவான என் கடிதத்தின்மேல் எடுத்த நடவடிக்கையைத் தெரிவிக்கக் கோருகிறேன் என்று ஆங்கிலத்தில், ஒரு அடித்தல் இல்லாமல். என்னோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தெருமுனைத் தபால் பெட்டிக்கு நடந்து போய்ப் போட்டிருந்தார். தபாலைப் பிரிப்பது நான். அதையும் இழுப்பறையில் வைத்தேன்.

அதற்கடுத்த மாதமும் வந்தது. அதற்கடுத்த மாதமும். அதே எண், அதே வாசகம், மேலே நினைவூட்டு இரண்டு, நினைவூட்டு மூன்று. வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த மேட்டில் பூங்கா வேலை முடிந்து குரோட்டன்ஸ் நட்டார்கள். கடிதம் நிற்கவில்லை.

ஒன்றரை வருஷம் இருக்கும். ஒரு முதல் தேதி வந்த உறையில் ஆங்கிலம் இல்லை. விலாசம் அலுவலகத்துக்குத்தான், உள்ளே தமிழ்.

"சிரஞ்சீவி சம்பத்துக்கு ஆசீர்வாதம். இதையும் மற்றதோடு வைக்கவும்."

அதற்குப் பிறகு நினைவூட்டு வரவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அப்பா கூடத்தில் உட்கார்ந்து தன் வேஷ்டியை மடித்துக்கொண்டிருந்தார். நான் கால் கழுவிவிட்டு வந்தேன். பிறகு மடித்த வேஷ்டியைத் தட்டி நேர்செய்தபடி கேட்டார்.

"இன்னிக்கு ஆபீஸ்ல தபால் நெறையவோ?"

"எப்போதும் போலத்தான் அப்பா," என்றேன்.